கன்றின் பங்கு

சென்ற தை மாதம் எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்கள் நால்வர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்துவரக் கிளம்பினோம். தங்கியது நண்பர் ஒருவரின் வீட்டில். காவிரிக்கரை ஊர் ஒன்றில் பன்னிரண்டு கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர் அவர். பகலெல்லாம் கல்லைப் படித்துவிட்டு இரவு உண்டு உறங்கிய எங்களை, இரண்டரை மணிக்கு அவரே வந்து எழுப்பினார். மூன்றாம் ஈற்றுப் பசு ஒன்றுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டதாம். பார்க்க விருப்பமிருந்தால் வரலாம் என்றார். நகரத்தில் வளர்ந்த இருவருக்கு அது முதல் அனுபவம். மற்ற இருவருக்கோ பழைய நினைவு.

முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் வைத்தாற்போல் மூக்கும் முதலில் தெரிந்தன. அரை மணியில் கன்று வைக்கோலில் விழுந்தது. நண்பர் அதன் மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை விரலால் வழித்தெடுத்தார். கொப்பூழ்க் கொடியை இரண்டு விரற்கடை விட்டுக் கத்தரித்து, ஒரு சிறு கிண்ணத்தில் இருந்த டிங்சர் அயோடினில் தோய்த்தார். குளம்பு நுனியிலிருந்த வெண்மையான மென்தசையைக் கிள்ளி எறிந்தார். பிறகு கன்றைத் தாயின் முகத்தருகே இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பசு நக்கத் தொடங்கியது. நாக்கின் முரட்டுத்தனத்தில் கன்றின் உடல் முழுதும் ஆடியது.

அடுத்து நிகழ்ந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நண்பர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மடியருகே குந்தினார். திண்ணையிலிருந்து அவருடைய தாயாரின் குரல் வந்தது.

"நஞ்சு விழட்டும்டா. அதுக்கு முன்னாடி ஊட்டவிட்டா மாட்டுக்கும் ஆகாது, கன்னுக்கும் ஆகாது."

"அது விழ மத்தியானம் ஆயிடும்மா."

"ஆகட்டுமே. நேத்து வந்த வழக்கமா இது?" என்ற அம்மையார் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்.

நாங்கள் எதுவும் சொல்லவில்லை. விருந்தினர் சொல்லக்கூடிய விஷயமா அது? ஆனால் எங்களுள் ஒருவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம். கன்று பிறந்த முதல் சில மணி நேரத்தில் மடியிலிருக்கும் பால் யாருக்கு உரியது, எப்போது உரியது என்ற இந்த வழக்கு மிகப் பழையது. ஏறத்தாழ மனிதன் கறக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது.

*

வழக்கின் மிகத் தெளிவான ஆவணம் அர்த்தசாத்திரத்தில் இருக்கிறது. இந்நூலின் சுவடியை மைசூர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் ஒப்படைத்தவர் தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதர் என்பது நாங்கள் சென்ற ஊருக்குப் பொருத்தமான செய்தி. சாமசாஸ்திரி அதை 1909இல் நூலாகப் பதிப்பித்தார். அரசியல் தந்திரங்களுக்காகவே பெரும்பாலும் பேசப்படும் நூல் இது. அதில் மாட்டு மந்தை கண்காணிப்பாளருக்கென ஒரு தனி அத்தியாயம் உண்டு என்பதைக் கவனித்தவர் குறைவு.

அரசனின் மந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடையன், எருமை மேய்ப்பவன், கறப்பவன், கடைபவன் ஆகியோருக்குக் கூலியைக் காசாகவே கொடுக்கவேண்டும் என்கிறது அந்த அத்தியாயம். பாலும் நெய்யும் கூலியாகக் கொடுத்தால் அவர்கள் கன்றுகளைக் கெடுத்துவிடுவார்கள் என்று காரணத்தையும் சொல்கிறது. எத்தனை சுருக்கமான, எத்தனை ஈவிரக்கமற்ற அறிவு! கறப்பவனின் கூலி பாலாக இருந்தால், கன்று குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் அவன் கூலியிலிருந்து போவதாகிறது. ஆகவே அவனைக் கன்றின் போட்டியாளன் ஆக்காதே என்பதே சட்டம். இங்கே கருணை பேசப்படவில்லை. நாளைய மந்தை இன்றைய கன்றில் இருக்கிறது என்ற கணக்குத்தான் பேசப்படுகிறது. மழைக்காலம் தொடங்கி முன்பனி முடிய இரண்டு வேளை கறக்கலாம். பின்பனியிலும் வேனிலிலும் ஒருவேளைதான். ஒருவேளைக் காலத்தில் இரண்டாம் முறை கறப்பவனுக்குக் கட்டைவிரலை வெட்டுவது தண்டனை. கறப்பதற்கு மிகவும் வேண்டிய விரல் அதுதான் என்பதை நூலாசிரியர் அறிந்தே எழுதியிருக்கவேண்டும். பிறந்த கன்றுக்கும் கிழட்டு மாட்டுக்கும் நோயுற்றதற்கும் மருத்துவம் பார்ப்பது இடையனின் கடமை என்றும் அதே அத்தியாயம் விதிக்கிறது.

*

சட்டம் இருந்தது சரி. அது எல்லாத் தொழுவத்திலும் நடைமுறையில் இருந்திருக்குமா? இருந்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறோம். ஏனெனில் கன்றுக்குச் சட்டத்தைவிட வலுவான காவல் ஒன்று இருந்தது: பசுவின் பிடிவாதம்.

திமிலுள்ள நம் நாட்டுப் பசு கன்றைக் காணாமல் எளிதில் பால் இறக்காது. கன்றை முதலில் ஊட்டவிட வேண்டும். நாலு காம்பையும் அது முட்டி முட்டிச் சப்பிய பிறகுதான் மடி சுரக்கும். உடனே கன்றைப் பிடித்திழுத்துத் தாயின் முன்னங்காலருகே கட்டிவிட்டுக் கறக்கவேண்டும். கறந்தபின் மீண்டும் அவிழ்த்துவிட வேண்டும். கன்று செத்துப்போனால் பலநேரம் பாலும் அதோடு போயிற்று. அதனால் பேராசைக்காரன்கூடக் கன்றை உயிரோடு வைத்திருக்க வேண்டியவனானான். தாயின் உடலில் எழுதப்பட்ட ஒப்பந்தம் என்று இதைச் சொல்லலாம்.

இந்தக் காட்சி இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. எகிப்தின் தேர் எல்-பாஹ்ரியில் கிடைத்த கவீத் என்னும் அரசியின் கற்பேழை நாலாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதன் பக்கவாட்டில் ஒருவன் பசுவைக் கறக்கிறான். கன்று தாயின் முன்னங்காலில் கட்டப்பட்டிருக்கிறது. பசுவின் கண்ணிலிருந்து ஒரு துளி வழிகிறது. அந்தத் துளியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்களைக் கவர்ந்தது கன்றைக் கட்டிய கயிறுதான். நம் ஊரிலும் நேற்றுவரை அதே இடத்தில், அதே அளவில் கட்டினோம்.

கயிறு என்றதும் தமிழ் வாசகர்க்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வரும். போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானா என்று நற்சொல் கேட்க ஊர்ப்புறத்தில் காத்து நிற்கிறார்கள் முதுபெண்டிர். அவர்கள் காதில் விழும் நற்சொல் எது? மேயப்போன தாயைக் காணாமல் சிறு கயிற்றில் கட்டுண்டு தவிக்கும் இளங்கன்றை நோக்கி, குளிரில் நடுங்கும் ஓர் இடைப்பெண், உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆறுதல் கூறுகிறாள். அதையே நல்ல சகுனமாகக் கொள்கிறார்கள். நப்பூதனார் இதைக் கற்பனை அழகுக்காக மட்டும் அமைத்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அந்திநேரத்துத் தொழுவத்தை அறிந்த காது அது. கன்றோடு பேசுவது கன்று வளர்ப்பின் ஒரு பகுதி என்பதை அறிந்தவர் எழுதியது. எங்கள் நண்பரும் அன்றிரவு கொப்பூழைக் கத்தரிக்கும்போது கன்றிடம் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்.

*

நாங்கள் பார்க்கச் சென்ற கல்வெட்டுகளுக்கு வருவோம். சோழர் காலத்தில் கோயில் விளக்கெரிக்க ஆடுமாடுகளைக் கொடையாகக் கொடுத்தனர் என்பது பள்ளிக்கூடப் பாடம். பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து ஏற்பாட்டின்படி, ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டிய இடையரிடம் 96 ஆடுகளோ 48 பசுக்களோ 16 எருமைகளோ ஒப்படைக்கப்பட்டன.

உழக்கு என்பது நாழியில் கால்பங்கு. அந்த உழக்கு நெய்க்கு 48 பசுக்களா என்று கோயில் புல்வெளியில் அமர்ந்து வெகுநேரம் பேசினோம். இன்றைய பண்ணைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். எங்கள் நண்பரும் சிரித்தார். பிறகு அவரே விளக்கினார்: 48 மாட்டில் ஒரே சமயத்தில் கறவையில் இருப்பவை பாதியோ அதற்கும் குறைவோ. கறவையில் இருப்பதும் கன்றுக்குப் போக மீதிதான். வேனிலில் அதுவும் வற்றும். மந்தையை வைத்திருப்பவன் வயிறும் இருக்கிறது. இவ்வளவும் கழிந்து, மழையானாலும் வறட்சியானாலும் தவறாமல் வரக்கூடியது உழக்குத்தான்.

சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் 'சாவா மூவாப் பேராடு' என்றொரு தொடர் வரும். சாகாத, மூப்படையாத ஆடுகள். இதைப் பக்தி மிகுந்த உயர்வுநவிற்சி என்று கொள்வோர் உண்டு. உண்மையில் அது ஒரு கணக்குச் சொல். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புவது பெற்றுக்கொண்டவன் பொறுப்பு. விளக்கு சந்திராதித்தர் உள்ளவரை எரியவேண்டும். ஆகவே மந்தையும் சந்திராதித்தர் உள்ளவரை இருந்தாகவேண்டும். கல்வெட்டில் குட்டியைப் பற்றியோ கன்றைப் பற்றியோ ஒரு வரி இராது. ஆனால் பிறந்தவற்றுள் போதுமானவை பிழைக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. எந்தப் பனிக்கால இரவில் எந்த இடைச்சி எந்தக் கன்றை வைக்கோலால் துடைத்துச் சூடேற்றினாள் என்பதைக் கல்லில் யாரும் வெட்டவில்லை. விளக்கு எரிந்ததென்றால் யாரோ துடைத்திருக்கிறார்கள்.

*

பசுவின் பிடிவாதத்தை முறிக்கும் முயற்சியும் பழையதே. ஏரோதோத்தஸ் தம் நூலின் நான்காம் பகுதியில் சித்தியர்களைப் பற்றிச் சொல்லும்போது, குதிரைகளின் பின்புறத்தில் எலும்புக் குழலை வைத்து ஒருவன் ஊத, மற்றொருவன் கறப்பான் என்று எழுதுகிறார். இதே வித்தை மாடுகளின்மேல் நம் நாட்டிலும் நடந்தது. வட இந்தியாவில் இதற்குப் பூக்கா என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருகின. கல்கத்தாவைப் போன்ற ஊர்களின் நெரிசலான கொட்டில்களில் கன்றுக்கு இடமில்லை, கன்று குடிக்கும் பாலுக்கு விலை உண்டு என்ற நிலை வந்தபோது இந்தக் கொடுமை தொழிலாகவே ஆயிற்று. கன்று போனபின்னும் தாயைச் சுரக்கவைக்கும் வழி அது.

காந்தி பசும்பாலை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார். மாட்டுக்காரர்களின் கொடுமைகளைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த எழுத்துகளைப் படித்ததாகத் தம் சத்தியசோதனையில் குறிப்பிடுகிறார். 1918இல் கேடா மாவட்டத்தில் அலைந்து படுக்கையில் விழுந்தபோது, மருத்துவர் தலால் பால் அருந்தியே ஆகவேண்டும் என்றார். பூக்காவைச் சொல்லிக் காந்தி மறுத்தார். அருகில் நின்ற கஸ்தூரிபா, அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று வழி கண்டுபிடித்தார். விரதத்தின் சொல் பிழைத்தது, பொருள் செத்தது என்று காந்தி கடைசிவரை வருந்தினார். இந்த நிகழ்ச்சியை அவருடைய பிடிவாதத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்வது வழக்கம். பசுவின் பிடிவாதமும் அதற்குள் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. 1927இல் பெங்களூரில் உடல்நலம் தேற ஓய்விலிருந்த காந்தி அங்கிருந்த அரசுப் பால்பண்ணைக்குச் சென்று மாடு வளர்ப்பு முறைகளைக் கற்றார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். மறுப்பதோடு நில்லாமல், சரியாக வளர்ப்பது எப்படி என்றும் அறிய விரும்பியிருக்கிறார். பூக்கா 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலும் குற்றமாக இடம்பெற்றது.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு வேறொரு முறை நினைவிருக்கும். வாசலுக்கு மாட்டை ஓட்டிவந்து கண்முன்னே கறந்து கொடுக்கும் பால்காரர், தோளில் ஒரு கன்றைச் சுமந்து வருவார். கன்றல்ல, கன்றின் தோல். உள்ளே வைக்கோல் திணித்து, நாலு குச்சிக் கால்கள் வைத்தது. தாயின் முன் அதை நிறுத்தினால் அது நக்கும். நக்கநக்கப் பால் இறங்கும். குழந்தையாக இருந்தபோது அதைப் பொம்மை என்று நினைத்திருந்தோம். பசு அதை உண்மையென்று நம்பியதா, இல்லை வாசனை மட்டும் போதுமானதாக இருந்ததா என்பதை இன்றும் எங்களுக்குள் விவாதிப்பதுண்டு.

சுரப்பின் மர்மத்தை அறிவியல் அவிழ்த்தது பின்னால்தான். 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு வேடிக்கையானது. கறக்கப்படும் பசுவைத் திடுக்கிடவைக்க அதன் முதுகில் பூனையை விட்டார்கள், காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் நின்றது. பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றினால் இறங்கியது. அச்சாற்றிலுள்ள ஆக்சிடோசினை 1953இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வின்சென்ட் து விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். நல்ல வேதியியல், அதில் குறையில்லை. ஆனால் தொழுவத்துக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? வைக்கோல் கன்றின் இடத்தில் ஒரு சிறு குப்பியாக வந்தது. ஊசி போட்டால் போதும், கன்று வேண்டாம், தோலும் வேண்டாம். தவறான பயன்பாட்டைத் தடுக்கவென மத்திய அரசு 2018இல் தனியார் உற்பத்தியை நிறுத்த முயன்றது. பேற்றின்போது இரத்தப்போக்கால் சாகக்கூடிய தாய்மாருக்கு அதே மருந்துதான் உயிர்காப்பது என்பதால், தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் அந்த ஆணையை ரத்துசெய்தது.

இவை எல்லாவற்றையும்விட அமைதியாக நடந்த மாற்றம் கலப்பினம். ஜெர்சியும் ஃபிரீசியனும் கன்றில்லாமல் கறக்கத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அவற்றின் இரத்தம் கலந்த பசு பெரும்பாலும் கன்றைத் தேடிப் பாலை மறிப்பதில்லை. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் காலத்தில் இம்மாடுகள் நம் ஊர்களில் பரவின, குடும்பங்கள் பிழைத்தன, பிள்ளைகள் படித்தார்கள். எங்கள் நண்பரின் படிப்பும் அதில்தான். இதைக் குறைசொல்லும் தகுதி, பாக்கெட் பால் வாங்கும் நமக்கு இல்லை. ஆனால் பழைய ஒப்பந்தத்தில் பசு போட்டிருந்த கையெழுத்து அழிந்துபோயிற்று. கன்று செத்தாலும் பால் வரும். உழவும் டிராக்டருக்குப் போய்விட்டபின், காளைக்கன்றுக்காகப் பேச யாரும் இல்லை.

*

கன்றுக்குப் புதிய வழக்கறிஞர் ஒருவர் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தார். தியோபால்ட் ஸ்மித் என்னும் அமெரிக்க நோயியலாளர் அவர். உண்ணி கடிப்பதால்தான் டெக்சாஸ் மாட்டுக்காய்ச்சல் பரவுகிறது என்று 1893இல் கில்பர்னுடன் சேர்ந்து நிறுவியவர். கடிக்கும் சிற்றுயிர் நோயைக் கடத்தும் என்பதற்கு அது முதன்மையான சான்றுகளுள் ஒன்று. முதிய வயதில் பிரின்ஸ்டனில் ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் இருந்தபோது ரால்ஃப் லிட்டில் என்ற கால்நடை மருத்துவருடன் சேர்ந்து எளிய சோதனை ஒன்றைச் செய்தார். பிறந்த கன்றுகளில் ஒரு சாராருக்குச் சீம்பால் கிடைத்தது. மற்றொரு சாராருக்குச் சீம்பால் தரப்படாமல் சாதாரணப் பால் மட்டும் தரப்பட்டது. சீம்பால் கிடைக்காதவற்றுள் பெரும்பாலானவை சில நாள்களில் இறந்தன. முடிவு 1922இல் வெளியாயிற்று.

தாய்ப்பாலின் வழியே நோயெதிர்ப்பு சேய்க்குச் செல்லும் என்பதைப் பால் எர்லிக் 1892இலேயே எலிகளில் காட்டியிருந்தார். கன்றின் நிலை இன்னும் கடுமையானது. மனிதக் குழந்தை கருவிலேயே தாயின் எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியே பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு அவற்றைக் கடத்தாது. ஆகவே கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. அது தொழுவத்தின் கிருமிகளை எதிர்கொள்ளத் தேவையானதெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அந்தப் புரதங்களைச் சிதைக்காமல் முழுதாக இரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் குடலுக்குப் பிறந்தவுடன் உண்டு. ஆறு மணி நேரத்துக்குள் அது பெரிதும் தளரத் தொடங்கி, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பிறகு எத்தனை குடம் சீம்பால் ஊற்றினாலும் அது வெறும் உணவுதான்.

நஞ்சு விழும்வரை காத்திருக்கும் வழக்கத்தின் விபரீதம் இங்கேதான். விழுவதற்கு எட்டு மணியும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். வாசல் சாத்தப்பட்டுக்கொண்டே வரும் நேரத்தில் கன்று முளைக்குச்சியில் கட்டுண்டு நிற்கும். கன்று முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் அதே ஆக்சிடோசின், கருப்பையையும் சுருக்கி நஞ்சு விழ உதவுகிறது என்பது இன்னும் வருத்தமான முரண். எதற்காகக் காத்திருந்தார்களோ, அதைத் தாமதப்படுத்தியதே அந்தக் காத்திருப்பாக இருந்திருக்கலாம்.

இந்த வழக்கம் எப்படித் தோன்றியிருக்கும்? இகழ்ந்து ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நஞ்சு தங்கினால் பசு சாகும் என்ற அச்சம் மெய்யானது. விழுந்த நஞ்சை நாயோ மாடோ தின்றுவிடாமல் வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பாலுள்ள மரமாயிற்றே, மடியிலும் பால் பெருகும் என்ற நம்பிக்கை. ஈற்றின் எல்லாக் கவலையும் தாயைச் சுற்றியே இருந்தது. பிறந்தது பிறந்துவிட்டது, இனி அது பிழைத்துக்கொள்ளும் என்றிருந்திருப்பார்கள். பல கன்றுகள் பிழைத்தும் இருக்கும். கட்டு அவிழ்ந்த கன்று, பெரியவர்கள் பார்க்காத நேரத்தில் தானே மடியைத் தேடிப் போயிருக்குமல்லவா!

எங்களுள் ஒருவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். 1986ஆம் ஆண்டு, அவருக்குப் பத்து வயது. வீட்டில் இருந்த ஒரே பசு விடியற்காலையில் ஈன்றது. கிடேரிக் கன்று, வீடே மகிழ்ந்தது. நஞ்சு மாலைவரை விழவில்லை. மருத்துவரை அழைத்துவர ஆள் போனது. தாயை எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். கன்று காலையெல்லாம் கத்தியது, பிறகு கத்துவதை நிறுத்திக்கொண்டது. அன்றிரவு ஊட்டினார்கள். மூன்றாம் நாள் வெள்ளையாகக் கழிந்தது. ஐந்தாம் நாள் செத்தது. கண்பட்டுவிட்டது என்றார்கள். முதல் நாளே சீம்பாலைக் கருப்பட்டியும் ஏலமும் போட்டுக் காய்ச்சி ஏழு வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். கிண்ணங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவரே. அந்தக் கிண்ணங்களின் கணக்கை அவர் இன்னும் மறக்கவில்லை.

*

அந்தத் தை மாத இரவில் அவர் அதைச் சொன்னார். திண்ணையில் அம்மையாரின் அருகே போய் உட்கார்ந்து, மெதுவாக, ஊரின் பெயரோடும் வீட்டாரின் பெயரோடும் சொன்னார். ஸ்மித்தைப் பற்றியோ எர்லிக்கைப் பற்றியோ எங்கள் யாருக்கும் அப்போது பேசத் தோன்றவில்லை. அம்மையார் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"எங்க வூட்லயும் ரெண்டு போச்சு" என்றார் கடைசியில். "அப்ப யாரு சொன்னா எங்களுக்கு?"

பிறகு அவரே எழுந்து வந்து, வெந்நீரில் மடியைக் கழுவினார். முதல் பீச்சுகளைத் தரையில் விட்டார். தேன் நிறத்தில், இழுபட விழுந்தது பால். கன்று அதற்குள் மூன்று முறை எழ முயன்று மூன்று முறையும் சரிந்து, நாலாம் முறை கால்களை அகட்டி நின்றிருந்தது. அவர் அதன் வாயில் இரண்டு விரலை வைத்துச் சப்பவிட்டுக் காம்புக்குக் கொண்டுபோனார். வால் ஆடத் தொடங்கியது. போதாத மீதியை நண்பர் கறந்து காம்புப் புட்டியில் ஊட்டினார்.

காளைக்கன்று என்பதை விளக்கை அருகே பிடித்தபோதுதான் நாங்கள் கவனித்தோம். நண்பர் முன்பே பார்த்திருப்பார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொட்டில் சுவரில் கரித்துண்டால் எழுதிய வரிசைகள் இருந்தன: பசுவின் பெயர், நாள், மணி, ஊட்டிய அளவு. கடைசி வரிசையின் கீழ் அவர் எழுதினார்: லட்சுமி, 4.10, 2 லிட்டர். நஞ்சு காலை ஏழு மணிக்கு விழுந்தது. அம்மையார் அதை வைக்கோலில் சுற்றிக்கொண்டு ஆலமரத்துக்குக் கிளம்பினார். சாக்கைத் தூக்கிக்கொண்டு நாங்களும் கூடப் போனோம்.